பொண்ணுக்கு ரெண்டு மார்க் போச்சு – ஸ்பேஸ்ல புவியீர்ப்பு இருக்கா இல்லையா?

ரெண்டுமார்க்_அப்பா
வணக்கம் மக்களே, ஒரு பஞ்சாயத்து. பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, நேத்து கிளாஸ் டெஸ்ட் பேப்பர் கைக்கு வந்துச்சு. கேள்வி "விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் மிதப்பது ஏன்?" அவ எழுதினது "அங்கே புவியீர்ப்பு இல்லாததால்". மிஸ் சிவப்புல ஒரு கோடு போட்டு ரெண்டு மார்க்கையும் எடுத்துட்டாங்க. சிக்கல் என்னன்னா அந்த பதில முந்தின நாள் ராத்திரி சொல்லிக் குடுத்ததே நான்தான், இப்ப வீட்ல என் மரியாதை எந்த லெவல்ல இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. 2025 ஜூன்ல நம்ம சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்கு போனாரே, அவர் மிதந்தத ஊரே டிவில பாத்துச்சு. ஈர்ப்பு இருந்தா கீழ விழணும்ல, மிதக்கிறாங்கன்னா இல்லன்னுதானே அர்த்தம்? மிஸ்கிட்ட போய் பேசலாம்னு இருக்கேன், அதுக்கு முன்னாடி நல்ல பாயின்ட் இருந்தா எடுத்துக் குடுங்க.

சாக்பீஸ்
தம்பி, பள்ளிக்கூடம் பக்கம் போயிராதீங்க. மிஸ் போட்ட கோடு சரி. முப்பது வருஷம் இதே கேள்விக்கு இதே பதில திருத்தினவன் நான், அதனால கோவமில்ல, பழகிப்போச்சு.

நிலையம் இருக்கிற உயரம் சுமார் 400 கிலோமீட்டர். கேக்க பெருசா இருக்கும், ஆனா சென்னையில இருந்து மதுரைக்கு ரோட்டுல போற தூரம்கூட இல்ல. பூமியோட ஆரம் 6371 கிலோமீட்டர், ஈர்ப்ப கணக்கு போடுறது பூமியோட மையத்துல இருந்து, தரையில இருந்து இல்ல. அப்ப 6371 இருந்தது 6771 ஆகுது, அவ்வளவுதான். தூரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரிதான் ஈர்ப்பு குறையும், 6371-ஐ 6771-ஆல வகுத்து வர்க்கம் பண்ணிப் பாருங்க, 0.885 வரும். தரையில இருக்கிற ஈர்ப்புல 88 சதவீதத்துக்கு மேல அங்கயும் இருக்கு. 400 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி அது உச்சியில எடை மெஷின வெச்சு 60 கிலோ ஆள் ஏறி நின்னா 53 கிலோ காட்டும். மிதக்கவெல்லாம் மாட்டான், நிப்பான், ரொம்ப நேரம் நின்னா கால்கூட வலிக்கும்.

ரெண்டுமார்க்_அப்பா
சார் இது இன்னும் மோசமால்ல இருக்கு. கோபுரத்துல நின்னா 53 கிலோ, அதே உயரத்துல நிலையத்துக்குள்ள இருந்தா சைபர்? ரெண்டு பேரும் பக்கத்து பக்கத்துலதான இருக்காங்க?

கெணத்துமேடு
அண்ணா நீங்க சின்ன வயசுல கெணத்துல குதிச்சிருக்கீங்களா? எங்க ஊர் பக்கம் (பல்லடம் தாண்டி) அப்பெல்லாம் சனி ஞாயிறுன்னா தோட்டத்து கெணறுதான், மோட்டார் ரூம் மேல ஏறி நின்னு குதிப்போம். கால் திண்டுல இருந்து எடுத்த அந்த செகண்டுல இருந்து தண்ணிய தொடற வரைக்கும் வயித்துக்குள்ள ஜிவ்வுனு ஒண்ணு வருமே, அதான் சமாச்சாரமே. பத்து மீட்டர்னா கிட்டத்தட்ட 1.4 செகண்ட். அந்த ஒன்றர செகண்டு நீங்களும் சுக்லாவும் ஒரே நெலமதான். அவருக்கு 18 நாள் நிலையத்துல, நமக்கு ஒன்றர செகண்டு, வித்தியாசம் அவ்வளவுதானுங்க.

சாக்பீஸ்
இத விட நல்லா நான் சொல்லிருக்க முடியாது. அத கொஞ்சம் பிரிச்சு மட்டும் சொல்றேன். நமக்கு "எடை"ன்னு உடம்புல தெரியுறது பூமி இழுக்கிறது இல்ல. தரை நம்மள மேல தள்ளுறது. நாற்காலி முதுக தள்ளுது, செருப்பு பாதத்த தள்ளுது, எடை மெஷின் ஸ்பிரிங் நம்மள தள்ளி அந்த தள்ளுற அளவத்தான் முள்ளுல காட்டுது. பூமி இழுக்கிறத நேரா உணருறதுக்கு நமக்கு ஒரு உறுப்பும் கிடையாது. திண்டுல இருந்து கால எடுத்த உடனே தள்ளுற ஆள் போயாச்சு, இழுக்கிறவன் அப்படியேதான் இருக்கான். கெணத்துல குதிக்கும்போது எடை மெஷின பாதத்தோட கட்டிக்கிட்டு குதிச்சா முள்ளு சைபர்ல நிக்கும், ஏன்னா மெஷினும் உங்க கூடவே அதே வேகத்துல விழுது, அத எப்படி அமுக்குவீங்க?

(யாரும் செஞ்சு பாக்காதீங்க, மெஷின் கெணத்துக்குள்ள போயிரும்.)

லிப்ட்டுக்காரன்
நான் லிப்ட் மெயின்டனன்ஸ்ல இருக்கேன், சாக்பீஸ் சார் சொன்னத தினமும் பாக்குறேன். பாத்ரூம் வெயிட் மெஷின் ஒண்ண எடுத்துட்டு போய் லிப்ட்டுக்குள்ள நில்லுங்க. மேல கிளம்புற அந்த ஒரு நிமிஷ நேரம், இல்ல நிமிஷம் இல்ல ஒரு ரெண்டு செகண்டு, 60 கிலோ ஆளு 65, 66 காட்டுவாரு, கீழ கிளம்பும்போது 54, 55. நடுவுல ஒரே ஸ்பீடுல ஓடும்போது 60தான். பூமி இழுக்கிறது மாறவே இல்ல, பிளாட்பாரம் தள்ளுறதுதான் மாறுது. ரோப் மொத்தமா அறுந்துட்டா சைபர். ஆனா அறுந்தாலும் விழாது, கவர்னர் (வேகம் எல்லை மீறினா தட்டி விடுற கருவி) ட்ரிப் ஆகி சேப்டி கிளாம்ப் கைடு ரெயில புடிச்சிக்கும், சினிமா பாத்துட்டு யாரும் பயப்படாதீங்க ப்ளீஸ், வாரத்துக்கு ஒருத்தராவது எங்கிட்ட இதையே கேக்குறாங்க.

சந்தேகப்பேய்
எல்லாம் சரி. விழுறாங்கன்னா எங்க சார் விழுறாங்க? கெணத்துல குதிச்சவன் தண்ணிய தொட்டுடுறான். நிலையம் 2000-ல இருந்து ஆள் குடியிருந்து இத்தன வருஷமா "விழுந்துகிட்டே" இருக்குன்னா தரைக்கு வரணும்ல. கத விடாதீங்க.

சாக்பீஸ்
பேய்க்கு நல்ல கேள்வி. பக்கவாட்டு வேகம்தான் பதில். ஒரு கல்ல சும்மா விட்டா முதல் செகண்டுல சுமார் 5 மீட்டர் விழும். கிடைமட்டமா எறிஞ்சாலும் அதே 5 மீட்டர்தான் விழும், ஆனா தள்ளிப் போய் விழும். இப்ப பூமி தட்டையா இல்லல்ல, 8 கிலோமீட்டர் நேரா போனீங்கன்னா தரை உங்களுக்குக் கீழ 5 மீட்டர் வளைஞ்சு இறங்கியிருக்கும். அப்ப செகண்டுக்கு 8 கிலோமீட்டர் வேகத்துல ஒரு கல்ல எறிஞ்சா (காத்து இல்லன்னு வெச்சுக்கோங்க) அது 5 மீட்டர் விழும், தரையும் 5 மீட்டர் விலகிரும். அடுத்த செகண்டும் அதே கதை. விழுது, ஆனா தரை பிடி குடுக்க மாட்டேங்குது. மலை உச்சியில பீரங்கிய வெச்சு சுடுற மாதிரி நியூட்டன் முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே இத யோசிச்சு படம் போட்டுட்டாரு. 400 கிலோமீட்டர் உயரத்துல தேவையான வேகம் செகண்டுக்கு 7.67 கிலோமீட்டர், ஒரு சுத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒட்டி வரும், அதான் அவங்களுக்கு ஒரு நாளைக்கு 16 சூரிய உதயம்.

நிலாவும் இதே கேஸ்தான். அது செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர் பக்கவாட்டுல ஓடிக்கிட்டே பூமிய பாத்து 1.4 மில்லிமீட்டருக்கு கொஞ்சம் கம்மியா விழுது. ரெண்டு மூணு நகத்த அடுக்கி வெச்ச கனம்தான். அவ்வளவு விழுந்தாலே அதுக்கு வட்டம் போட போதும்.

பாலிடெக்னிக்_96
மன்னிக்கணும், எல்லாரும் சுத்தி வளைக்கிறீங்க. நாங்க படிச்சது சிம்பிள். புவியீர்ப்பு உள்ள இழுக்குது, மையவிலக்கு விசை வெளிய தள்ளுது, ரெண்டும் சமம், அதனால எடை சைபர். முடிஞ்சது. இதுக்கு எதுக்கு கெணறு?

சாக்பீஸ்
தம்பி இதுதான் எனக்கு பெரிய தலைவலி, இத நானே முதல் பத்து வருஷம் வகுப்புல சொல்லிட்டு இருந்தேன்னு ஒத்துக்கிறேன். நிலையத்துக்குள்ள உக்காந்து அது அசையாம நிக்குதுன்னு வெச்சு கணக்கு போட்டா மையவிலக்கு விசைன்னு ஒண்ண சேத்துக்கலாம், தப்பில்ல, விடை வரும். ஆனா வெளிய நின்னு பாத்தா நிலையத்து மேல இருக்கிறது ஒரே ஒரு விசை, பூமியோட இழுப்பு. உண்மையிலேயே ரெண்டு விசை அடிச்சுக்கிட்டு சைபர் ஆயிட்டா அது ஏன் வளையணும்? நேர்கோட்டுல ஓடிப் போயிருக்கணும்ல. வளையுதுன்னாலே ஒண்ணு ஜெயிச்சிருக்கு.

அத விட முக்கியம், கெணத்துல குதிக்கிறவன் எதையும் சுத்தல. நேரா கீழ போறான். அவனுக்கு எங்க மையவிலக்கு? ஆனா எடை போயிருச்சு. அப்ப எடை போறதுக்கு சமன் ஆகுறது காரணம் இல்ல. தள்ளுறதுக்கு எதுவும் இல்லாததுதான் காரணம். அதுக்குத்தான் கெணறு.

பாலிடெக்னிக்_96
...

யோசிக்க வெச்சுட்டீங்க சார். கெணறு பாயின்டுக்கு எங்கிட்ட பதில் இல்ல. ஆனா இன்னொண்ணு, விழுறதுனாலதான்னா ஸ்கைடைவிங் பண்றவங்களும் விழுறாங்களே, நண்பன் ஒருத்தன் துபாய்ல குதிச்சான், காத்து முகத்துல அறையுதுன்னு சொன்னானே தவிர மிதக்குற மாதிரி இருந்துச்சுன்னு சொல்லல.

கெணத்துமேடு
காத்து அறையுதுன்னு சொன்னாருல்லங்க, அதான் பதிலே. காத்துதான் தரை. முதல் சில செகண்டு ஜிவ்வுனு இருக்கும், போகப் போக வேகம் ஏறி காத்தோட எதிர்ப்பும் ஏறி, ஒரு பத்து பன்னெண்டு செகண்டுல மணிக்கு 190, 200 கிலோமீட்டர்கிட்ட வேகம் நின்னுரும். அதுக்கு மேல காத்து மெத்தையில குப்புற படுத்திருக்கிற மாதிரிதான், முழு எடையும் வயித்துலயும் நெஞ்சுலயும் தெரியும்.

யாழ்ப்பாணத்தான்
வணக்கம், கனநாளா வாசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன், எழுதினதில்லை. நாங்களும் கீரிமலைக் கேணியில பாஞ்ச ஆக்கள்தான், அதால இந்தக் கதை நல்லா விளங்குது. ஒரு கேள்வி. எங்கட தீவுக்குத் தெற்கால இந்து சமுத்திரத்தில "ஈர்ப்பு ஓட்டை" ஒண்டு இருக்குதெண்டு வீடியோக்கள் சுத்துது, அதுக்கு மேலால போற கப்பலில ஆக்கள் மிதப்பினமோ எண்டு மருமகன் கேக்கிறான். அதுவும் இதுவும் ஒண்டோ?

சாக்பீஸ்
வாங்க ஐயா. அது வேற சங்கதி. அங்க ஓட்டையும் இல்ல, மிதக்கவும் மாட்டாங்க. பூமிக்கு உள்ள பொருள் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி பரவி இல்ல, அங்க ஈர்ப்பு துளி கம்மி. அதனால கடல் மட்டமே, பூமி ஒழுங்கான வடிவத்துல இருந்தா எங்க இருக்கணுமோ அதுல இருந்து நூறு மீட்டருக்கு மேல தாழ்ந்து கிடக்கு. ஆனா அந்த இறக்கம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு பரந்து கிடக்கிறதால கப்பல்ல போறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. அங்க எடை குறையுறது கிராம் கணக்குலதான். வெயில்ல நின்னு வேர்க்கிறதுல அத விட அதிகமா எடை குறையும். துருவத்துல இருந்து நம்ம பக்கம் பூமத்திய ரேகைக்கு வந்தாலே அரை சதவீதம் குறையுது, அதையே யாரும் கவனிக்கிறதில்ல. மருமகன்கிட்ட வீடியோ போட்டவங்களுக்கு வியூஸ் தேவைப்பட்டுச்சுன்னு சொல்லுங்க.

யாழ்ப்பாணத்தான்
நன்றி ஐயா. அவன் ஏமாந்து போனான், ஆனாலும் விளங்கீட்டுது.

லேப்டாப்_சர்வீஸ்
இந்த த்ரெட்ட பாத்ததும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. பத்து பதினஞ்சு வருஷம் முன்னாடி ஹார்டு டிஸ்க் இருந்த லேப்டாப்புங்க சிலதுல முடுக்கத்த அளக்குற ஒரு சென்சார் இருக்கும், கை தவறி லேப்டாப் கீழ விழுந்தா தரையில படுறதுக்கு முன்னாடியே டிஸ்க்க படிக்கிற ஹெட்ட ஓரமா பார்க் பண்ணிடும், டிஸ்க்ல கீறல் விழாது. அது எப்படி "விழுறோம்"னு கண்டுபிடிக்குதுன்னு ரொம்ப நாள் குழம்பியிருக்கேன், தரைய பாக்க அதுக்கு கண்ணு கிடையாது. விஷயம் என்னன்னா சென்சார் ரீடிங் சைபர் பக்கம் போனா விழுறோம்னு அர்த்தம், அவ்வளவுதான். டேபிள் உயரத்துல இருந்து விழ 0.4 செகண்ட்கிட்ட ஆகும், அதுக்குள்ள வேலைய முடிச்சிரும்.

போன்லயும் அதே சென்சார்தான். பைபாக்ஸ் (phyphox)னு ஒரு இலவச ஆப் இருக்கு, ஜெர்மனியில ஆகென் யுனிவர்சிட்டிக்காரங்க பண்ணது, அதுல முடுக்கம் காட்டுற பக்கத்த தொறந்து போன டேபிள்ல சும்மா வெச்சா 9.8 காட்டும். அசையவே இல்லாம கிடக்கிற போன் 9.8 காட்டுது! மெத்த மேல தூக்கிப் போட்டா காத்துல இருக்கிற நேரம் மட்டும் சைபர் பக்கம் வந்துட்டு போகும்.

சந்தேகப்பேய்
தலைகீழால்ல இருக்கு. சும்மா கிடக்கிறப்ப முடுக்கம் இருக்குங்குது, நிஜமா வேகம் ஏறி விழுறப்ப இல்லங்குது. சென்சார் ரிப்பேர்.

சாக்பீஸ்
ரிப்பேர் இல்ல, ஐன்ஸ்டீன் பக்கம் நிக்குது. 1907-ல அவரு பெர்ன் நகரத்துல பேட்டன்ட் ஆபீஸ்ல குமாஸ்தா மாதிரி உக்காந்திருக்கும்போது, ஒருத்தன் தடையில்லாம விழுந்தா அவனுக்கு அவன் எடை தெரியாதேன்னு தோணுச்சாம், வாழ்க்கையிலயே சந்தோஷமான யோசனை அதுதான்னு பின்னாடி எழுதி வெச்சாரு. அதுல இருந்து எட்டு வருஷம் மல்லுக்கட்டித்தான் பொதுச் சார்பியல்ங்கிற அவரோட ஈர்ப்புக் கோட்பாடு வந்துச்சு. விழுறவன்தான் நிஜமா சும்மா இருக்கான், டேபிள்ல கிடக்கிறவனத்தான் டேபிள் இடைவிடாம மேல தள்ளிட்டு இருக்கு. உங்க போன் அதத்தான் காட்டுது. ஒன்பதாவது படிக்கிற பொண்ணுக்கு இது இப்ப வேண்டாம், அப்பாவுக்கும் ரொம்ப யோசிக்க வேண்டாம்.

ரெண்டுமார்க்_அப்பா
அப்பாவுக்கு ஏற்கனவே தல சுத்துது சார். ஒரே ஒரு டவுட். நிலையம் இரும்பும் அலுமினியமுமா நானூறு டன்னுக்கு மேல இருக்குன்னு படிச்சேன், உள்ள இருக்கிற ஆளு 70 கிலோ. பெருசு வேகமா விழுந்து, ஆளு கூரையில போய் முட்ட மாட்டாரா?

கெணத்துமேடு
முட்ட மாட்டாருங்க. கனமோ லேசோ காத்து தடுக்கலைன்னா எல்லாம் ஒண்ணாத்தான் விழும். 1971-ல அப்போலோ 15-ல போன டேவிட் ஸ்காட் நிலாவுல நின்னு ஒரு கையில சுத்தியல், இன்னொரு கையில வல்லூறு இறகு, ரெண்டையும் ஒரே நேரத்துல விட்டாரு, ரெண்டும் ஒண்ணா தரைய தொட்டுச்சு. வீடியோ இருக்கு, பொண்ணுக்கு காட்டுங்க. நிலையமும் ஆளும் பேனாவும் தண்ணித் துளியும் எல்லாம் ஒரே ரேட்டுல விழுறதாலதான் ஒண்ணுக்கொண்ணு மிதக்குற மாதிரி தெரியுது.

இன்னொரு வேடிக்க, அந்த உயரத்துலயும் துளியூண்டு காத்து இருக்கிறதால நிலையம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், அப்பப்ப இஞ்சின ஓட்டி மேல ஏத்துவாங்க. அந்த நேரத்துல மிதந்துட்டு இருக்கிற ஆளுங்க சாமானெல்லாம் மெதுவா பின் சுவர பாத்து நகரும். சுவர் வந்து தள்ள ஆரம்பிச்சதும் கொஞ்சூண்டு எடை திரும்பி வந்துருது பாருங்க.

சாக்பீஸ்
ஏத்தாம விட்டா என்ன ஆகும்னு எங்க தலைமுறைக்கு தெரியும். 1973-ல அமெரிக்காக்காரன் அனுப்பின ஸ்கைலாப்ங்கிற விண்வெளி நிலையம் 1979 ஜூலையில கீழ வந்துச்சு. எங்க தலையில விழுமோன்னு ஊர்ல ஒரே பீதி, டீக்கடையில வேற பேச்சே கிடையாது. கடைசியில இந்தியப் பெருங்கடல்லயும் மேற்கு ஆஸ்திரேலியாவுலயும் சிதறுச்சு. அன்னைக்குத்தான் அது விழுந்துச்சுன்னு எல்லாரும் பேசினாங்க. ஆறு வருஷமா விழுந்துட்டேதான் இருந்துச்சு, அன்னைக்கு தரை குறுக்க வந்துருச்சு, அவ்வளவுதான்.

அதே ஸ்கைலாப்ல இன்னொரு நல்ல விஷயம். எடை மெஷின் அங்க வேலைக்கு ஆகாதுல்ல, ஆனா ஆளுங்க இளைக்கிறாங்களான்னு டாக்டருக்கு தெரியணும். அதனால ஸ்பிரிங் வெச்ச ஒரு நாற்காலியில உக்கார வெச்சு முன்னும் பின்னும் ஆட விட்டாங்க. நிறை அதிகமா இருந்தா மெதுவா ஆடும், கம்மியா இருந்தா வேகமா ஆடும். ஆடுற நேரத்த வெச்சு கிலோ கணக்கு. எடை போனாலும் நிறை போகலங்கிறத இத விட அழகா காட்ட முடியாது. அங்க நூறு கிலோ பெட்டிய ஒரு விரலால நகத்தலாம், ஆனா அது ஓடி வரும்போது கைய குறுக்க குடுத்தா கை நசுங்கும்.

ராட்டினம்
நான் ஒரு பொண்ணு, இங்க சண்ட போடுறவங்க நடுவுல பூந்து ஒண்ணு கேக்கலாமா :) பொருட்காட்சியில கொலம்பஸ்ல ஏறுனா கப்பல் உச்சிக்கு போய் கீழ வர ஆரம்பிக்கிறப்ப சீட்ட விட்டு தூக்குற மாதிரி வருமே, அதுவும் இதேதானா? அப்புறம் ப்ளேன்ல மிதக்க விடுறாங்கன்னு கேள்விப்பட்டேன், அது எப்படி, ப்ளேன் கீழ பாஞ்சா தானே மிதக்க முடியும்?

லிப்ட்டுக்காரன்
கொலம்பஸ்ல வர்றது அதோட தம்பி, முழுசா சைபர் ஆகாது, சீட்டு தள்ளுறது குறையும், அதான் வயிறு மேல வர்ற மாதிரி.

சாக்பீஸ்
ப்ளேன் கேள்விதான் இந்த இழையிலயே அருமையான கேள்வி. கீழ பாயும்போது மட்டும்தான்னு எல்லாரும் நினைக்கிறாங்க. பிரான்ஸ்ல போர்டோ ஊர்ல இருந்து ஒரு ஏர்பஸ் ஏ310 இதுக்குன்னே பறக்குது. கிட்டத்தட்ட 50 டிகிரி சாய்வு வரைக்கும் மூக்க தூக்கி ஏறும், அப்ப உள்ள இருக்கிறவங்களுக்கு 1.8 மடங்கு எடை. அப்புறம் பைலட் இஞ்சின் விசைய காத்து தடைக்கு ஈடா மட்டும் குறைச்சு வெச்சு, எறிஞ்ச கல்லு போற பாதையில ப்ளேன கொண்டு போவாரு. அந்த நொடியில இருந்தே மிதப்பு ஆரம்பம், ப்ளேன் இன்னும் மேலதான் ஏறிட்டு இருக்கும்! உச்சியத் தாண்டி இறங்கி நிமித்துற வரைக்கும் மொத்தம் 22 செகண்ட். ஒரு பயணத்துல 31 தடவ. சில பேரு வாந்தி எடுப்பாங்கன்னு வெச்சுக்கோங்க. ஸ்டீபன் ஹாக்கிங் 2007-ல அமெரிக்காவுல இதே மாதிரி ஒரு விமானத்துல சக்கர நாற்காலிய விட்டு மிதந்தாரு, அந்த போட்டோவுல அவர் முகத்த பாருங்க.

அதனால "விழுறது"ன்னா கீழ போறதுன்னு அர்த்தம் இல்ல. தூக்கிப் போட்ட பந்து கைய விட்ட நிமிஷத்துல இருந்தே விழ ஆரம்பிச்சிருச்சு, மேல போறப்பவும் சேத்து.

ரெண்டுமார்க் தம்பிக்கு ஒரு வீட்டுப்பாடம். ஒரு ரெண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் எடுங்க, அடிப் பக்கம் பக்கவாட்டுல ரெண்டு ஓட்ட போடுங்க, மூடி இல்லாம தண்ணி ஊத்தி கையில புடிச்சா தண்ணி பீச்சும். மொட்ட மாடியில இருந்து விடுங்க. என்ன ஆச்சுன்னு பொண்ண விட்டு எழுத சொல்லுங்க. அப்புறம் மேல தூக்கியும் எறிஞ்சு பாருங்க.

ரெண்டுமார்க்_அப்பா
ஞாயித்துக்கிழம காலையில செஞ்சாச்சு. சார் சொன்ன மாதிரி கையில இருக்கிற வரைக்கும் ரெண்டு ஓட்டையிலயும் பீச்சி அடிக்குது, விட்ட உடனே டக்குன்னு தண்ணி நின்னுருச்சு. முதல் தடவ நம்பல, கண்ணு ஏமாத்துதுன்னு போன்ல ஸ்லோமோஷன்ல எடுத்தோம், நிஜமாவே ஓட்டை பக்கத்துல ஒரு சொட்டு வரல. தண்ணியும் பாட்டிலும் சேந்து விழுறதால தண்ணி அடியில அமுக்க மாட்டேங்குது, அமுக்கலன்னா ஓட்ட வழியா எதுக்கு வரணும். இத நான் சொல்லல, அவதான் சொன்னா, நான் பாட்டில பொறுக்கிட்டு மேல ஏறி வர்றதுக்குள்ள.

அப்புறம் மேல தூக்கி எறிஞ்சோம். மேல போறப்பவும் நின்னுருச்சு! நான் கீழ வர்றப்ப மட்டும்தான் நிக்கும்னு பெட் கட்டியிருந்தேன், ஒரு சாக்லேட் தோத்தாச்சு.

மிஸ்கிட்ட போகல. ரெண்டு மார்க்குக்கு பதிலா வேற பஞ்சாயத்து வந்துருச்சு, மூணாவது பாட்டில் காம்பவுண்ட் தாண்டி பக்கத்து வீட்டு அக்கா காயப் போட்டிருந்த வடகம் மேல போய் விழுந்துருச்சு. விழுந்த பிறகு தண்ணி நல்லாவே பீச்சுச்சு சார்.

சாக்பீஸ்
வடகத்த பாட்டிலோட சேத்து விட்டிருந்தா பிரச்சனையே வந்திருக்காது. அக்காவுக்கு ஒரு கிலோ ஜவ்வரிசி வாங்கிக் குடுங்க.